ஒரு டிஸ்க் முரண்டு பிடித்தால் அந்த டிஸ்க்குக்கு மட்டும் வைத்தியம் பாருங்கள்
விருதுநகர், சிவகாசி வட்டாரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்



ஆடிப்பெருக்கு அன்று காலண்டர் ஆல்பம் வெளியாகிவிட்டால் நம் பக்கம் யாருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது. ஒரு பக்கம் காலண்டர் ஆர்டர், இன்னொரு பக்கம் தீபாவளிப் பெட்டிக்கு லேபிள். அந்த நெருக்கடியில் ஒரு அச்சகத்து டிஸ்க் திறக்க மறுத்தால் முதல் போன் உங்களுக்குத்தான் வருகிறது. பைக்கை எடுத்துக்கொண்டு ஓடுகிறீர்கள். எதையோ மாற்றுகிறீர்கள், டிஸ்க் ஓடுகிறது, காசை வாங்கிக்கொண்டு அடுத்த இடத்துக்குக் கிளம்புகிறீர்கள். உங்கள் கைத்திறனில் எனக்குச் சந்தேகம் இல்லை. நீங்கள் மாற்றிவிட்டுப் போகும் அந்த "எதையோ" பற்றித்தான் உங்களிடம் நேராகப் பேச வேண்டியிருக்கிறது.

என் கடை ஆமத்தூரில். இரண்டு ஊருக்கும் நடுவில் இருப்பதால் நீங்கள் கை வைத்த சிஸ்டங்கள் பின்னாளில் என் மேசைக்கு வந்து சேருகின்றன. போன சீசனில் வந்த ஒன்றைச் சொல்கிறேன். அந்த அச்சகத்தில் டிசைனர்கள் கோரல் டிராவில் வேலை பார்ப்பது விண்டோஸில். வைரஸ் தொல்லை வேண்டாம் என்று பொது ஃபைல்களை மட்டும் லினக்ஸ் போட்ட ஒரு சிஸ்டத்தில் வைத்திருக்கிறார்கள். முதலாளி புதிதாக ஒரு எஸ்எஸ்டி வாங்கி, கேஸில் போட்டு, அதில் சொருகினார். ஒன்றும் தெரியவில்லை. வீட்டு லேப்டாப்பில் நன்றாகத் தெரிகிறது. பார்க்க வந்த தம்பி கேஸ் போய்விட்டது என்றார். இன்னொரு கேஸ் வாங்கினார்கள், அதுவும் தெரியவில்லை. பிளேட் போட வேண்டிய ஃபைல் அந்த டிஸ்க்குக்குள் கிடக்கிறது, சிடிபி கடையில் முறை வந்துவிட்டது.

கேஸ் இரண்டும் நல்ல கேஸ்தான். சிஸ்டத்தின் மாட்ப்ரோப் ஃபோல்டரில் யாரோ எப்போதோ வைத்துவிட்டுப் போன ஒரு ஃபைல் இருந்தது. அதில் இரண்டே சொல்: பிளாக்லிஸ்ட், யூஏஎஸ். யூஏஎஸ் என்ற டிரைவரை ஏற்றாதே என்று அர்த்தம்.

வைத்தவர் கெட்ட எண்ணத்தில் வைத்திருக்க மாட்டார். பழைய டிஸ்க் ஏதோ ஒன்று காப்பி ஆகும்போது பாதியில் அறுந்து அறுந்து போயிருக்கும். யூஏஎஸ்ஸை நிறுத்தினால் சரியாகும் என்று எங்கோ படித்திருப்பார். ஆனால் அதை மொத்தமாக நிறுத்தினால் என்ன நடக்கும் என்று பாருங்கள். பழைய யுஎஸ்பி-ஸ்டோரேஜ் டிரைவர் ஒரு நேரத்தில் ஒரு கட்டளைதான் அனுப்பும். டேட்டா வந்து, பதில் வந்த பிறகே அடுத்த கட்டளை. யூஏஎஸ் பல கட்டளைகளை வரிசையாக உள்ளே தள்ளிவிடும். எஸ்எஸ்டிக்கு வேகம் கிடைப்பது அதனால்தான். புது கேஸ் ஒன்றைச் சொருகியதும் பழைய டிரைவர் அதைப் பார்க்கிறது. "இவனுக்கு யூஏஎஸ் தெரியும், அவர் பார்த்துக்கொள்வார்" என்று ஒதுங்கிக்கொள்கிறது. அவரையோ நீங்கள் வாசலிலேயே நிறுத்திவிட்டீர்கள். ஆக டிஸ்க்கை எடுக்க ஆளே இல்லை. பழைய பென் டிரைவ் எல்லாம் வழக்கம்போல ஓடுவதால் யாருக்கும் சந்தேகமும் வராது. அறுந்துபோன அந்த முதல் டிஸ்க் இப்போது எந்தக் குப்பையில் இருக்கிறதோ. அதற்குப் பார்த்த வைத்தியம் மட்டும் உயிரோடு இருந்து, இரண்டு வருடம் கழித்து ஒரு மனிதரை இன்னொரு கேஸ் வாங்க வைத்தது.

அன்று அவர் எழுதியிருக்க வேண்டியது ஒரு வரி. யுஎஸ்பி-ஸ்டோரேஜுக்கு குவர்க்ஸ் என்று ஒரு அமைப்பு உண்டு. அந்த டிஸ்க்கின் தயாரிப்பாளர் எண், பொருள் எண், பிறகு "யு" என்ற ஒரே எழுத்து. அந்த ஒரு மாடலுக்கு மட்டும் யூஏஎஸ் வேண்டாம், பழைய வழியிலேயே போ என்று அர்த்தம். மற்ற டிஸ்க்குகள் எல்லாம் தம்பாட்டுக்குப் போகும். எழுத வேண்டியது அந்த இரண்டு சொல்லைவிடக் கொஞ்சம்தான் கூட. அதற்கு எண்ணைப் பார்க்கும் பொறுமை வேண்டும், அவ்வளவே.

நீங்கள் திருப்பிக் கேட்பீர்கள்: "அண்ணே, விண்டோஸில் ஓடுகிற டிஸ்க் இதில் ஓடவில்லை என்றால் தப்பு லினக்ஸ் மேல்தானே?" இந்தப் பேச்சை எத்தனையோ கடையில் கேட்டாயிற்று. கேஸுக்குள் இருக்கும் சின்ன சிப்பைச் செய்கிறவர் விண்டோஸில் மட்டும் சொருகிப் பார்த்துவிட்டு, ஓடுகிறது என்று பெட்டி கட்டி அனுப்பிவிடுகிறார். விண்டோஸ் கேட்காத கேள்வியை யாராவது கேட்டால் சிப் திணறுகிறது. டிஸ்க்கிடம் "நீ யார்" என்று கேட்கும்போது 36 பைட் பதில் மட்டும் கேட்க வேண்டும் என்று லினக்ஸ் டிரைவரில் இன்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். கூடக் கேட்டாலும் குறைத்துக் கேட்டாலும் தொங்கிவிடுகிற டிவைஸ்கள் அவ்வளவு இருந்தன.

கொள்ளளவுக் கோளாறு இன்னும் வேடிக்கை. "உன் கடைசி செக்டாரின் எண் என்ன" என்று டிரைவர் கேட்கிறது. எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவதால், 1,000 செக்டார் இருந்தால் 999 என்று பதில் வர வேண்டும். சில சிப்புகள் 1,000 என்றே சொல்கின்றன. சிஸ்டம் அதை நம்பி, இல்லாத ஒரு செக்டாரைப் படிக்கப் போகிறது. டிஸ்க் அங்கேயே உறைந்து நிற்கிறது. நீங்கள் "ஹார்ட் டிஸ்க் செத்துப்போச்சு" என்று சொல்லி விட்டுவந்த டிஸ்க்குகளில் ஒன்றிரண்டாவது இந்த வகையாக இருக்கலாம். குவர்க்ஸில் "சி" என்று ஒரு எழுத்து போட்டால், அது சொன்ன கணக்கில் ஒன்றைக் கழித்துக்கொள்ளும்.

எனக்குப் பிடித்தது கையெழுத்துச் சமாச்சாரம். ஒவ்வொரு கட்டளைக்கும் 31 பைட்டில் ஒரு சீட்டு போகும், 13 பைட்டில் பதில் சீட்டு வரும். பதில் சீட்டின் தலையில் இன்ன கையெழுத்துதான் இருக்க வேண்டும் என்பது விதி. சில டிவைஸ்கள் வேறு எதையோ கிறுக்கி அனுப்பின. விதிப்படி பார்த்தால் அவற்றைத் தூக்கி எறியலாம். டிரைவர் எழுதியவர்கள் எறியவில்லை. பேங்கில் முதல் நாள் போட்ட மாதிரிக் கையெழுத்தை வைத்துக்கொண்டு பிறகு வரும் செக்கை ஒப்பிடுவது போல, அந்த டிவைஸ் முதலில் என்ன போட்டதோ அதைக் குறித்துக்கொண்டு, அடுத்தடுத்த சீட்டுகளில் அதுவே வருகிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். டிவைஸ் பிழைத்தது, சரிபார்ப்பும் போகவில்லை. மற்ற யாருக்கும் ஒரு பாதிப்பும் இல்லை. நான் உங்களிடம் கேட்கும் புத்தி இதுதான்.

எல்லா முடிவும் இவ்வளவு அழகாக அமைவதில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். டிரைவர் எழுதுகிறவர்களிடமும் சண்டைக்குரிய விஷயங்கள் உண்டு. ஒரு தடவைக்கு எவ்வளவு டேட்டா கேட்கலாம் என்பது ஒன்று. 32 கேபிக்கு மேல் கேட்டால் தடுமாறும் டிவைஸ்கள் இருந்தன. ஜெனிசிஸ் லாஜிக் சிப்புகளுக்கு அதற்காகவே 64 செக்டார் என்று தனி வரம்பு வைத்தார்கள். பழைய டிரைவரில் மற்றவற்றுக்கு நெடுநாளாக 240 செக்டார், அதாவது 120 கேபி. சில நோஞ்சான்களுக்காக எல்லோரும் மெதுவாக நடக்க வேண்டுமா என்று கேட்டால் நியாயமான கேள்வி. யாருடைய டேட்டாவும் கெட்டுவிடக் கூடாது என்று எதிர்ப்பக்கம் சொன்னால் அதுவும் நியாயம். வேகம் போனால் திட்டிக்கொண்டே காத்திருக்கலாம். டேட்டா போனால் திரும்பாது. இதில் நான் இரண்டாவது கட்சி.

சீகேட் விவகாரத்தில் எனக்கு அவ்வளவு சம்மதம் இல்லை. யூஏஎஸ் வழியில் போகும்போது அந்த நிறுவனத்து வெளி டிஸ்க்குகளில் ஏடிஏ கட்டளையை ஊடே அனுப்பினால் சிக்கல் வந்தது. ஒவ்வொரு மாடலாகச் சேர்த்து அலுத்துப்போய், 2017இல் அந்தத் தயாரிப்பாளர் எண் இருந்தாலே அந்தக் கட்டளை கிடையாது என்று மொத்தமாக வைத்துவிட்டார்கள். விளைவு, அப்படி ஓடும் டிஸ்க் ஆரோக்கியமாக இருக்கிறதா என்று ஸ்மார்ட் டெஸ்ட் பார்க்கப் போனால் பதில் வராது. நல்ல கேஸ் வைத்திருப்பவரும் அதில் மாட்டிக்கொள்கிறார். ஆனால் ஒன்று கவனியுங்கள்: அந்த முடிவு எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது, காரணமும் கூடவே இருக்கிறது. வேண்டாதவர் தன் டிஸ்க்கின் எண்ணைப் போட்டு எழுத்து எதுவும் போடாமல் குவர்க்ஸ் வரி கொடுத்தால், தன் சிஸ்டத்தில் மட்டும் அதை நீக்கிக்கொள்ளலாம். அச்சகத்தில் கிடந்த அந்த இரண்டு சொல் ஃபைலில் தேதி இல்லை, காரணம் இல்லை, எந்த டிஸ்க்குக்காக என்றும் இல்லை.

எண்ணை மட்டும் பார்த்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். அஸ்மீடியா சிப்பில் இதை நன்றாகவே அனுபவித்திருக்கிறார்கள். 1051 என்ற சிப்பில் யூஏஎஸ் ஒழுங்காக வேலை செய்யாது, 1053இல் செய்யும். 1051உம் பழைய 1053உம் சிஸ்டத்திடம் சொல்லிக்கொள்ளும் எண் ஒன்றே. எண்ணை வைத்துத் தடுத்தால் நல்லது கெட்டது இரண்டும் நிற்கும். விட்டால் இரண்டும் உள்ளே வரும். 2014இல் லினக்ஸ் 3.15 பதிப்பில் யூஏஎஸ்ஸை நம்பிப் பயன்படுத்தும் நிலைக்குக் கொண்டுவந்த ஹான்ஸ் டி கூடேயும் கூட இருந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. ஒரே சமயத்தில் எத்தனை ஓடை தாங்குகிறது என்று சிப்பிடமே கேட்டு, அந்தப் பதிலை வைத்துப் பிரித்தார்கள். பர்மா பஜாரிலிருந்து மொத்தமாக வரும் பெயரில்லாத கேஸ்களைக் கையாளும் உங்களுக்கு இது தினசரிப் பிரச்சினை. மேலே அட்டையில் ஒரு பெயர், உள்ளே வேறு சிப். கேஸைத் திறந்து சிப்பின் முதுகில் இருக்கும் எழுத்தை டார்ச் அடித்துப் படித்துவிடுங்கள். அரை நிமிட வேலை.

"நம்ம ஊரில் லினக்ஸ் எங்கே அண்ணே இருக்கிறது" என்றும் சொல்வீர்கள். 2011இல் தொடங்கி பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த லேப்டாப்பில் விண்டோஸோடு சி-டாக் செய்த பாஸ் லினக்ஸும் வந்தது. இடம் காலியாகட்டும் என்று அதை அழித்துக் கொடுத்தவர்கள் உங்களில் பலர். பழைய கதை, போகட்டும். இன்றைக்குப் பட்டாசு ஆலைகளில் மாட்டும் கேமரா ரெக்கார்டர்கள் பெரும்பாலும் லினக்ஸில் ஓடுகின்றன. ஃபுட்டேஜ் எடுக்கப் போய் மூன்று பென் டிரைவ் மாற்றியும் ரெக்கார்டர் எடுக்கவில்லை என்று புலம்புவது யார்? ஓடிஜி கேபிளில் சொருகும் ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் லினக்ஸ் கெர்னல்தான். ஆக இன்று கெர்னலில் சரியாகும் ஒரு கோளாறு, சில வருடம் கழித்து ரெக்கார்டராகவும் போனாகவும் உங்கள் மேசைக்கு வரப்போகிறது.

டிரைவர் பக்கமே போகக் கூடாத கோளாறுகளும் இருக்கின்றன. உங்களில் பாதிப் பேர் வழுக்குவது இங்கேதான். சொருகியதும் டிமெசேஜில் ஓடும் வரிகளைப் படியுங்கள். மைனஸ் 71 வந்தால் கேபிள் தடத்திலேயே பேச்சு குளறுகிறது. மைனஸ் 110 என்றால் கேட்டுக் காத்திருந்து பதிலே வரவில்லை. இரண்டுக்கும் முதலில் கேபிளை மாற்றுங்கள், சிபியுவின் முன்பக்க போர்ட்டை விட்டுப் பின்பக்கம் சொருகுங்கள். அச்சகத்துப் போர்ட்டுகளில் பேப்பர் தூசியும் இங்க் பிசுக்கும் சேர்ந்து தகடு போல ஒட்டியிருக்கும். ஐசோப்ரொப்பைல் தொட்ட பிரஷ்ஷால் துடைத்தாலே பாதி நோய் போய்விடும். யுஎஸ்பி 2 போர்ட் 500 மில்லி ஆம்பியர் வரைதான் கொடுக்கும், 3 என்றால் 900. சுழலும் ஹார்ட் டிஸ்க் கிளம்பும்போது அதைவிட அதிகம் கேட்டால், எந்த எழுத்தைப் போட்டாலும் கரண்ட் வராது. தனி அடாப்டர் உள்ள ஹப் வாங்கச் சொல்லுங்கள்.

போலி பென் டிரைவும் அப்படித்தான். 64 ஜிபி என்று எழுதியிருக்கும், உள்ளே 8 இருக்கும். எழுதும்போது ஒரு எரரும் வராது. எல்லை தாண்டியதும் எழுதியது ஒழுங்காக உள்ளே தங்காது. பார்ட்டி நான்கு நாள் கழித்து ஃபைல் திறக்கவில்லை என்று வருவார். அதற்கு எஃப்3 என்ற இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. முழுக்க எழுதி, முழுக்கப் படித்து, உண்மை அளவைச் சொல்லிவிடும். அதை விட்டுவிட்டு டிரைவரை நோண்டுவதில் புண்ணியமில்லை.

இவ்வளவும் பார்த்த பிறகும் அடம்பிடிக்கும் டிஸ்க்குக்குத்தான் குவர்க்ஸ். அதிலும் ஒரு நேரத்தில் ஒரு எழுத்து. நான்கைந்து எழுத்தை மொத்தமாகப் போட்டு ஓட வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எது குணப்படுத்தியது என்று அவருக்கே தெரியாது. தேவையில்லாத மற்றவை டிஸ்க்கை வீணாக நொண்ட வைத்துக்கொண்டிருக்கும்.

இனி என் வேண்டுகோள். நீங்கள் மாற்றியதை அந்த சிஸ்டத்தின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். லேபிளுக்குப் பஞ்சமில்லாத ஊர் இது. தேதி, டிஸ்க்கின் எண், போட்ட எழுத்து, உங்கள் போன் நம்பர். உங்களுக்குப் பின்னால் வருகிறவர் கேஸ் மேல் பழி போடாமல் இருக்க இது போதும். முதலாளியிடமும் வாயால் சொல்லுங்கள். அவர் சிஸ்டத்தில் என்ன மாறியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு உண்டு.

இரண்டாவது, கண்டுபிடித்த வைத்தியத்தை உங்கள் கையோடு முடித்துவிடாதீர்கள். அன்யூஷுவல் டெவ்ஸ் என்று ஒரு ஃபைல் கெர்னலுக்குள் இருக்கிறது. முரண்டு பிடிக்கும் டிவைஸ்களின் பட்டியல். அதில் பெரும்பாலான பதிவுகளுக்கு மேலே அதைச் சொன்னவர் பெயர் இருக்கும். கம்பெனி ஆட்கள் மட்டுமில்லை, வீட்டில் ஒரு டிஸ்க்கோடு மல்லுக்கட்டியவர்களும் அதில் இருக்கிறார்கள். இப்போது யுஎஸ்பி-ஸ்டோரேஜ் டிரைவரைப் பராமரிப்பவர் ஆலன் ஸ்டெர்ன். என்ன அனுப்ப வேண்டும் என்று ஃபைலின் தலையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்: பதிவைச் சேர்க்கும் மாற்றம், அது ஏன் வேண்டும் என்ற குறிப்பு, டிவைஸ் சொருகியிருக்கும்போது எடுத்த விவரம். ரிவிஷன் எண்ணைக் கேட்கும் இடத்தில் 0000 முதல் 9999 வரை என்று பாதுகாப்புக்குப் போட்டுவிடாதீர்கள். உங்கள் கையில் இருக்கும் ரிவிஷனை மட்டும் எழுதுங்கள். நாளைக்குக் கம்பெனி திருத்தி விடும் நல்ல சரக்கும் உங்கள் வரியால் முடங்கக் கூடாது. பதிவு இனித் தேவையில்லை என்று டிரைவருக்கே தெரிந்தால், இந்தச் செய்தியை எங்களுக்கு அனுப்புங்கள் என்று சில நேரம் லாக்கில் அதுவே கேட்கும். அதையும் தாண்டிப் போய்விடாதீர்கள்.

பட்டியலில் சேர்ந்து, புதுப் பதிப்பு வந்து, நம் சிஸ்டத்துக்கு இறங்க மாதக்கணக்கில் ஆகும், பார்ட்டி இன்றைக்கே கேட்கிறார் என்பீர்கள். இன்றைக்கு அந்த ஒரு வரியை அவர் சிஸ்டத்தில் போட்டுக் கொடுத்துவிடுங்கள், வேலை நடக்கட்டும். பட்டியலில் சேர்க்கச் சொல்லும் கடிதத்தை ஞாயிற்றுக்கிழமை எழுதுங்கள். ஆங்கிலம் தடுத்தால் தமிழில் எழுதி என்னிடம் கொடுங்கள். காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவிலும் கணியம் அறக்கட்டளையிலும் தமிழில் பேசிக் கைகொடுக்கக் கூடியவர்கள் இருக்கிறார்கள்.

டிசம்பர் கடைசியோடு காலண்டர் வேலை ஓயும். பொங்கல் கழிந்த முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு ஆமத்தூர் கடைக்கு வாருங்கள். சரியாகவில்லை என்று மூலையில் போட்டு வைத்திருக்கும் கேஸ், டிஸ்க், பென் டிரைவ் எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள். அவற்றோடு வந்த கேபிளையும் சேர்த்து. பார்ட்டி டேட்டா உள்ள எதையும் அவர் சம்மதம் இல்லாமல் கொண்டுவர வேண்டாம். ஒவ்வொன்றாகச் சொருகி, லாக்கைப் படித்து, கேபிளா கரண்டா சிப்பா என்று பிரிப்போம். சிப் என்று தேறுகிறவற்றுக்கு அங்கேயே உட்கார்ந்து கடிதம் எழுதி, உங்கள் பெயரிலேயே அனுப்பிவிடலாம். மதியச் சாப்பாடு என் பொறுப்பு.

அன்புடன்,
ஆமத்தூரிலிருந்து உங்கள் அண்ணன்